கரைக் கணக்கும் சோதனைக் கணக்கும்

தராசுக்கு முன்னால் தடுமாறாத பிள்ளை, கரும்பலகைக்கு முன்னால் ஏன் வாயடைத்துப் போகிறது? யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

விடிந்து கொஞ்ச நேரம்தான். ஊர்காவற்றுறைக் கரையில் படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஏறுகின்றன. வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவது பொறுமை வேண்டிய வேலை. கால் போனால் விலையும் போகும். தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறான் ஒரு பையன். வயது பதினைந்து, பதினாறு இருக்கும். கூடை தராசில் ஏறுகிறது. ஏழு கிலோ முந்நூறு கிராம். கிலோ ஆயிரத்து இருநூறு.

"தம்பி, எவ்வளவு வருது?" கல்குலேட்டரை எடுக்க முதல் வியாபாரி பகிடியாகக் கேட்கிறார்.

"எண்ணாயிரத்து எழுநூற்றி அறுபது அண்ணை."

ஏழு ஆயிரத்து இருநூறு எண்ணாயிரத்து நானூறு. நூறு கிராமுக்கு நூற்றிருபது, மூன்று நூற்றிருபது முந்நூற்றறுபது. இரண்டையும் கூட்டிவிட்டான். வேலை அதோடு முடியவில்லை. வலை வாங்கத் தந்த முற்காசுக்கு வியாபாரி 1,500 ரூபாவைப் பிடித்துக்கொண்டு 7,260 ரூபாவை நீட்டுகிறார். மண்ணெண்ணெய்க்கு 1,860. மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் சேர்த்து ஒரு பங்கு, தகப்பனுக்கும் தொழில் கூட்டாளிக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, ஆக மூன்று பங்கு. ஆனால் படகும் வலையும் தகப்பனுடையவை. முற்காசுக் கடன் கூட்டாளியின் தலையில் விழக்கூடாது. எனவே பையன் 7,260 ரூபாவைப் பிரிக்கவில்லை. கழிவுக்கு முந்திய 8,760 ரூபாவில் எண்ணெய்க் காசைத் தள்ளி, 6,900 ரூபாவை மூன்றாக்கி, கூட்டாளியின் கையில் 2,300 ரூபாவை வைக்கிறான். வீட்டுக்கு 3,100. வியாபாரி தாள்களை இரண்டாம் முறை எண்ணி முடிக்கவில்லை, கணக்கு முடிந்துவிட்டது.

இரண்டு மணித்தியாலம் கழித்து இதே கணக்கு பதினோராம் தர வகுப்பறையில் அடைப்புக்குறி போட்டுக்கொண்டு வருகிறது. ஏழு தசம் மூன்றை ஆயிரத்து இருநூறால் பெருக்கி, 1,860 ரூபாவைக் கழித்து, மூன்றால் வகு. பையன் கொப்பியைக் குனிந்து பார்க்கிறான். எழுப்பிக் கேட்டால், "தெரியாது சேர்." இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தீவகத்தின் எந்தக் கரையிலும், எந்த வகுப்பிலும் பார்க்கலாம். கரையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனும் வகுப்பில் மொக்கன் என்று பெயர் எடுத்தவனும் ஒரே ஆள் என்பது அவனுடைய ஆசிரியருக்குத் தெரியாமலே ஆண்டு முடிந்துபோவதும் உண்டு.

"எனக்கும் அதுக்கும் கன தூரம்"

கணிதத்தைப் பற்றித் தீவாட்களிடம் கதை கொடுத்தால் வரும் பதில்கள் ஏறக்குறைய மனப்பாடம் மாதிரி இருக்கும். "கணக்கு எனக்கு ஓடாது." "சின்னனில இருந்தே மண்டையில ஏறேல்லை." "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் கணக்கு வராது." கடைசிப் பதிலைத் தாய்மார் பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார்கள். சங்கீதம் வராத பிள்ளைக்குக் குரல் இல்லை என்கிறோம். சித்திரம் வராத பிள்ளைக்குக் கை இல்லை என்கிறோம். கணிதம் வராத பிள்ளைக்கு மட்டும் மூளையே இல்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். வேறெந்தப் பாடத்துக்கும் இந்த அதிகாரத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

அதிகாரத்தைக் கொடுத்ததில் பரீட்சைக்கும் பெரிய பங்கு உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் கட்டாயப் பாடம். உயர்தரம் படிக்க வேண்டுமானால் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் தாய்மொழியும் கணிதமும் இருந்தாக வேண்டும். விதியில் அவ்வப்போது தளர்வுகள் வந்துபோனாலும் ஊருக்குள் நிலைத்த எண்ணம் ஒன்றுதான்: கணிதத்தில் 'டபிள்யூ' வந்தால் படிப்பு முடிந்தது. தமிழில் 'ஏ', சைவநெறியில் 'ஏ', வரலாற்றில் 'பி' எடுத்த பிள்ளையின் பெறுபேற்றுத் தாளில் அயலவரின் கண் முதலில் போவது கணிதத்துக்கு நேரே உள்ள எழுத்தில்தான்.

*பெட்டிச் செய்தி: இரண்டு வினாத்தாள், ஐந்து மணித்தியாலம்*

*சாதாரண தரக் கணிதம் இரண்டு வினாத்தாள்கள் கொண்டது. முதலாவதற்கு 2 மணித்தியாலம்: 25 சிறு வினாக்கள், 5 அமைப்பு வினாக்கள், அத்தனைக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாவதற்கு 3 மணித்தியாலம்: 12 வினாக்களில் 10. ஒவ்வொரு தாளுக்கும் 100 புள்ளி. 75 முதல் 'ஏ', 65 முதல் 'பி', 50 முதல் 'சி', 35 முதல் 'எஸ்'. அதற்குக் கீழே 'டபிள்யூ'. முதலாம் தாளின் 25 சிறு வினாக்களுக்கு மட்டும் 50 புள்ளி உண்டு. ஒவ்வொன்றும் ஓரிரு வரியில் முடியும். பயத்தில் பேனையை வைத்துவிடுகிற பிள்ளை பல சமயம் இழப்பது இந்தப் புள்ளிகளைத்தான்.*

பயத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்ட ஒன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட்சனும் சுயினும் கணித அச்சத்தை அளக்க 1972-இல் ஒரு வினாக்கொத்தையே தயாரித்தார்கள். அதற்குப் பிறகு மார்க் ஆஷ்கிராப்ட் செய்த ஆய்வுகள் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டின. மனக்கணக்குப் போடும்போது இடைவிடைகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க மூளைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். பதற்றம் அந்த இடத்தில் வந்து குந்திக்கொள்கிறது. "பிழைச்சிடுமோ" என்ற யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போது, மிச்சம் எடுத்துப் போட்ட இரண்டு எங்கே போனதென்று தெரியாது. ஆகவே பயந்த பிள்ளைக்கு மூளை குறைவென்று சொல்வது தவறு. உள்ள மூளையில் பாதி வேறு வேலையில் இருக்கிறது.

பிரம்பைக் காட்டி வாய்ப்பாடு கேட்பது இந்த விடயத்தில் எவ்வளவு உதவும் என்று வாசகரே முடிவு செய்யலாம். உடல் தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005-இல் சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை எட்டாத வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. பிரம்பு போன இடத்தில் நாக்கு இருக்கிறது.

கால் பங்கு அரசனுக்கு

இந்தத் தீவுகளில் கணக்கு பழைய சரக்கு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைச் சொல்வது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறதேச வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கோடு வந்த கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை, ஆகவே அவற்றைக் கொண்டுவருகிறவனுக்குக் கூடுதல் சலுகை. எண்ணூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கரையில் பின்னத்தை வைத்து வாணிபக் கொள்கை எழுதியிருக்கிறார்கள்.

கடலேரிக்கு அப்பால் வட்டுக்கோட்டையில் 1829-இல் நடந்தது இன்னும் சுவையானது. அமெரிக்க மிஷனின் செமினரியை நடத்திய டானியல் பூவர், அந்த வருடத்துச் சந்திர கிரகணம் பற்றி ஊர்ப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் கணித்த நேரத்தோடு தம் கணிப்பு ஒத்துவரவில்லை என்று அறிவித்தார். தொடக்க நேரத்திலேயே கால் மணித்தியால வித்தியாசம். ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூவரின் கணிப்புப் பலித்தது, மிஷனரிமார் அதைப் பெரிய வெற்றியாக எழுதிவைத்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது யார் வென்றார் என்பதைவிட, ஒரு கணக்குச் சரியா பிழையா என்று பார்க்க ஒரு ஊர் இரவு முழித்திருந்தது என்பதுதான்.

சாஸ்திரியாரின் மரபை இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். அதற்கு நாலு வருடம் முன்னர், 1825-இல், புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கம் நாலு நிமிடம் மட்டுமே பிசகியது. ஏட்டில் ஒரு வரி எழுதவில்லை. கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையே சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் நாங்கள் இன்றும் பிரிந்து நிற்பது அந்தப் பழைய வழக்கின் பாக்கி.

வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855-இல் தமிழில் 'வீசகணிதம்' எழுதி வெளியிட்டார். அட்சரகணிதத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு அன்றே அச்சில் பதில் இருந்தது. காரைதீவில், இன்றைய காரைநகரில், 1865-இல் பிறந்த அலன் ஏபிரகாம் யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டே 1910-இல் ஹலியின் வால்வெள்ளியின் பாதையைக் கணித்தவர். லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஒரு தீவுப் பிள்ளை.

இந்தப் பெயர்களைக் கல்லூரி விழாக்களில் சொல்லிச் சொல்லி நாங்கள் பெருமைப்படுகிறோம். பெருமையில் பிழை இல்லை. ஆனால் நூறு பிள்ளைக்கு ஒரு ஏபிரகாம் கிடைத்தால் போதும் என்ற மனநிலை அந்தப் பெருமைக்குள் இருக்கிறது. மிச்சம் தொண்ணூற்றொன்பது பேருடைய கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை.

படகு விட்டால் பாடமும் விட்டது

நெடுந்தீவுக்குப் போகும் ஆசிரியரின் நாள் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் தொடங்குகிறது. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலச் சொச்சம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியால அளவில் கடல். குமுதினியோ வடதாரகையோ நெடுந்தாரகையோ, அன்றைக்கு எது ஓடுகிறதோ அது. வாடைக்காற்றுக் காலத்தில் படகு நின்றால் அன்றைய முதலாம் பாடம் மட்டுமல்ல, முழுநாளுமே போச்சு. தீவில் தங்கிப் படிப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஊர் தனி மரியாதையோடு பேசும்.

படகு எல்லாப் பாடத்துக்கும் ஒன்றுதான். ஆனால் அது அதிகம் அடிப்பது கணிதத்தை. வரலாற்றில் இரண்டு கிழமை போனால் அந்த இரண்டு அத்தியாயம்தான் போகும். கணிதத்தில் பின்னம் படிப்பித்த கிழமை கடல் கொந்தளித்திருந்தால் விகிதம் விளங்காது, விகிதம் விளங்காவிட்டால் சதவீதம் விளங்காது, அதற்குப் பிறகு வட்டி வரும்போது பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் அறுந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது. "கணக்கு ஓடாது" என்பது பல வேளைகளில் ஆறாம் தரத்தில் தவறிய ஒரு கிழமைக்கு நாங்கள் வைத்த பெயர்.

நகரத்துப் பிள்ளைக்கு இந்த ஓட்டையை அடைக்க ரியூசன் இருக்கிறது. நல்லூரிலும் திருநெல்வேலியிலும் மாலை ஆறு மணிக்குச் சைக்கிள்களை எண்ணினால் போதும். நெடுந்தீவுப் பிள்ளைக்குப் பாடசாலை விட்ட பிறகு மேலதிக வகுப்பு வைப்பதென்றால், முதலில் ஆசிரியரின் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் பிரான்சிலிருந்தும் காசு அனுப்பி இலவச வகுப்புகளுக்கு உதவுகின்றன. காசு கடல் கடந்து வருகிறது. கணித ஆசிரியர் வருவதுதான் கஷ்டம்.

ஆள் குறைந்ததும் ஒரு காரணம். 1990-களின் தொடக்கத்தில் போர் தீவகத்தைக் காலியாக்கியது. திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதிதான். 2012 கணக்கெடுப்பில் நெடுந்தீவில் இருந்தவர்கள் 4,000 பேருக்கும் குறைவு. பிள்ளை குறைந்த பாடசாலைக்கு ஆசிரியர் ஒதுக்கீடும் குறையும். ஒரு கணித ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனால் அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடத்தைப் பார்த்துக்கொள்வது யாரோ ஒரு நல்ல மனது.

உயர்தரத்தில் நிலைமை இன்னும் இறுகும். விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடப்பது '1ஏபி' தரப் பாடசாலைகளில். சிறு தீவுகளில் 'மற்ஸ்' படிக்க ஆசைப்படும் பிள்ளை பெரும்பாலும் யாழ்ப்பாண நகரில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ நிற்க வேண்டும். ஆண் பிள்ளையை அனுப்பும் வீடு பெண் பிள்ளையை அனுப்ப யோசிக்கும். "இங்க இருந்து ஆர்ட்ஸ் படியன் பிள்ளை" என்ற ஒரு வசனத்தில் எத்தனை பெண்களின் இணைந்த கணிதம் முடிந்திருக்கிறது என்பதற்குப் பதிவேடு கிடையாது.

அதே வெட்டுப்புள்ளி

யாழ்ப்பாணச் சமூகத்தில் கணிதத்துக்கு ஏன் இவ்வளவு பாரம் என்பதை விளங்கிக்கொள்ள 1971-க்குப் போக வேண்டும். தரப்படுத்தல் வந்த ஆண்டு. பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400-க்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வெட்டுப்புள்ளி வந்தது. அந்த 23 புள்ளி ஒரு தலைமுறையின் அரசியலைத் திருப்பிவிட்டது. வீடுகளுக்குள் அது வேறு விதமாக இறங்கியது. இன்னும் கூடப் படி, இன்னும் கூடக் கணக்குச் செய். எஞ்சினியர் என்பது தொழிலின் பெயர் என்ற நிலையைத் தாண்டி, தப்பிக்கும் வழியின் பெயரானது. கல்யாணச் சந்தையில் அந்தப் பெயருக்கு இருந்த விலை எல்லோருக்கும் தெரிந்தது, விரிக்க வேண்டாம்.

இன்றைய பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நெடுந்தீவு நிர்வாகத்தில் யாழ்ப்பாண மாவட்டம். ஆக, வாடைக்காற்றில் வகுப்பை இழந்த பிள்ளையும் நகரத்து முன்னணிக் கல்லூரியில் படித்து மூன்று ரியூசனுக்கும் போன பிள்ளையும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குப் போட்டி. மாவட்டத்தை அலகாக வைத்து நீதி செய்யப்போனவர்கள் மாவட்டத்துக்குள் கடல் இருப்பதைக் கவனிக்கவில்லை. கணிதம் தெரிந்தவர்கள் சராசரியைப் பற்றிச் சொல்லும் முதல் எச்சரிக்கை இதுதானே.

ரெசிபேயிலிருந்து கல்கத்தா வரை

ஊர்காவற்றுறைப் பையனின் புதிர் உலகத்துக்குப் புதிதல்ல. 1985-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிரேசிலின் ரெசிபே நகரில் தெரேசினா நூனெஸும் அவரது கூட்டாளிகளும், தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலச் சாமான் வாங்கினார்கள். பத்துத் தேங்காய் எவ்வளவு, இவ்வளவு தந்தால் மிச்சம் எவ்வளவு. 98 சதவீதம் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தார்கள். 37 சதவீதம். இடையில், கதையாக எழுதிய கணக்கில் 74 சதவீதம். பிள்ளை அதே பிள்ளை, எண்ணும் அதே எண்.

அந்தக் குழுவினர் பிரேசில் மீனவர்களிடமும் போனார்கள். இவ்வளவு பச்சை மீனுக்கு இவ்வளவு பதப்படுத்தியது என்ற விகிதத்தை அவர்கள் தலைகீழாகவும் திருப்பிக் கணித்தார்கள். நெடுந்தீவில் கருவாடு போடுகிற எந்த அம்மாவுக்கும் இதில் ஆச்சரியம் இராது.

இந்த இடத்தில் பலர் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கரைக் கணக்குத்தான் உண்மைக் கணக்கு, பாடசாலைக் கணக்கு வெறும் சடங்கு என்று. நான் அந்தப் பக்கம் இல்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400-க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். முடிவு 2025-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்தில் போட்டார்கள், பாடசாலைக் கணக்கில் தடுக்கி விழுந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் தாள் கணக்கைச் செய்தார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். இரண்டு அறிவும் தனித்தனிப் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு யாரிடமும் இல்லை. தானாகத் திறந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது தவறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நீ கரையில் செய்ததைத்தான் இந்தக் குறியீடு சொல்கிறது" என்று காட்ட ஒரு ஆசிரியர் வேண்டும். அவருக்கு நண்டு விலையும் தெரிந்திருக்க வேண்டும், அவசரப்படாத நேரமும் இருக்க வேண்டும். 35 புள்ளிக்காகப் பழைய வினாத்தாள்களை ஓட்டித்தள்ளும் வகுப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

புத்தகப் பைக்குள் இருந்த பாடம்

இனி, கணக்கு பிழைத்தால் வீட்டுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தீவகப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதில் சூரிகள். இருபது பேர், மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அவசரம் உள்ளவர் 18,000 கழிவு கேட்டு 82,000 ரூபாவை எடுக்கிறார். கழிவை இருபதால் பிரித்தால் ஆளுக்குத் தொள்ளாயிரம், ஆக இந்த மாதம் கட்ட வேண்டியது 4,100. சீட்டுத் தாச்சி ஒரு பழைய கொப்பியில் இதை எழுதி முடிக்கும்போது, சுற்றியிருக்கிறவர்கள் காசை எண்ணி வைத்துவிட்டார்கள். முதல் மாதம் எடுப்பதா, பொறுத்து எடுப்பதா, எவ்வளவு வரை கழிவு விடலாம் என்பதெல்லாம் நிதியியல் மாணவர் தாளில் போடும் கணக்கு. இவர்கள் அதைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிக்கிறார்கள்.

போருக்குப் பிறகு நுண்கடன் வந்தது. கதவைத் தட்டி, குழுவாக இருத்தி, கடன் கொடுத்தார்கள். வட்டி 24 வீதம் என்றார்கள். ஒரு லட்சத்துக்கு வருடம் 24,000, மாதம் மாதம் 10,333 கட்டினால் சரி. கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தவணை கட்டிய மறுநாளே கையில் ஒரு லட்சம் இல்லை. ஆறாம் மாதம் பாதிதான் கடன். வட்டியோ முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

*பெட்டிச் செய்தி: 78 என்ற எண்*

*முதல் மாதம் 12 தவணையும் கடனாக நிற்கிறது, இரண்டாம் மாதம் 11, கடைசி மாதம் 1. எல்லாவற்றையும் கூட்டினால் 78. வட்டி 24,000 ரூபாவை 78-ஆல் பிரித்தால் ஒரு தவணை முதலை ஒரு மாதம் வைத்திருக்க 307 ரூபா 69 சதம். ஒரு தவணை முதல் 8,333 ரூபா. மாத வட்டி 3.69 சதவீதம், வருடத்துக்கு 44. இன்னும் நுட்பமாகப் போட்டால் 42-க்குச் சற்றுக் கீழே நிற்கும். எப்படிப் பார்த்தாலும் 24 அல்ல.*

இந்த 78 ஒன்றும் பல்கலைக்கழகக் கணக்கு இல்லை. கடன் மீதி குறையக் குறைய வட்டி காண்கிற பாடம் சாதாரண தரப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தாய் கையெழுத்துப் போட்ட அன்று பிள்ளையின் புத்தகப் பைக்குள் அது இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைக்கு அது சோதனைக்கு வரும் ஒரு 'கேள்வி'. தாய்க்கோ கணக்கு என்றாலே "எனக்கும் அதுக்கும் கன தூரம்". சீட்டில் சூரியான அதே பெண், அச்சடித்த படிவத்தைக் கண்டதும் தன் கணக்கறிவைக் கீழே வைத்துவிட்டு, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டாள். கடன் மேல் கடன் ஏறி வடக்கில் குடும்பங்கள் பட்ட பாடு செய்தியானது. 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு ரத்துச் செய்ய வேண்டி வந்தது.

கணிதப் பயம் என்றால் பிள்ளைகளின் சோதனைப் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறோம். வளர்ந்தவர்களின் பயத்துக்கு விலை கூட. அது பிள்ளைகளுக்கும் இறங்கும். சியான் பெய்லொக்கும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்துக்குப் பயந்த ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகள் பலர், "ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் கணக்கு வரும்" என்ற எண்ணத்தை ஒரே வருடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிடித்துக்கொண்ட சிறுமிகளின் பெறுபேறும் விழுந்தது. பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் வராது" என்று பெண் பிள்ளையின் முன்னால் சொல்வதை நிறுத்தினால் ஒரு சதமும் செலவில்லை.

கடலட்டையும் திட்ட அறிக்கையும்

தீவகக் கரைகளில் இப்போது கடலட்டைப் பண்ணைகள். ஆதரவும் எதிர்ப்பும் உண்டு, அது வேறு கட்டுரை. பண்ணை போட்டவர்களில் சாதாரண தரக் கணிதத்தில் 'டபிள்யூ' எடுத்தவர்கள், இரண்டாம் முறை மூன்றாம் முறை எழுதி விட்டுவிட்டவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களோடு பேசினால் வாயில் வருவதெல்லாம் எண். குஞ்சு என்ன விலை, ஆயிரம் விட்டால் எத்தனை தங்கும், எத்தனை மாதத்தில் எத்தனை கிராம், வலைவேலிக்கு எத்தனை பாகம் வலை, இரவுக் காவலுக்கு ஆள்கூலி. ஆயிரத்தில் எழுநூறு தங்கினால் இவ்வளவு, ஐந்நூறுதான் தங்கினால் இவ்வளவு நட்டம் என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். பயத்தின் சாயலே இல்லை. நிகழ்தகவு என்று இதற்கு ஒரு அத்தியாயம் உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை கேட்டால்தான் முகம் மாறும். எதிர்பார்க்கும் வருமானம், செலவு, இலாப வீதம், மீளச் செலுத்தும் காலம் என்று கட்டம் போட்ட தாள். அதை நிரப்ப யாழ்ப்பாண நகரத்தில் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். நிரப்புகிறவருக்குக் கடலட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவர்கள் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அவர் அதை எழுதுகிறார். எழுதி முடித்ததும் கூலியை இவர்கள்தான் கொடுக்கிறார்கள்.